நட்டவரும் பிடுங்குபவனும் ஒரே வீட்டில். மனுஷன் இல்லாவிட்டால் இந்த மலைக்கு என்ன நஷ்டம்?

மஞ்சூர்_தம்பி | ஜூன் 14, இரவு 9.40

கொஞ்சம் நீளமான பதிவு. மழை பிடித்துவிட்டதால் இரண்டு நாளாக வேலை இல்லை, உட்கார்ந்து எழுதுகிறேன்.

என் அப்பா கண்டிப் பக்கம் ஒரு தோட்டத்து லயத்தில் பிறந்தவர். 1964 சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியாவுக்கு என்று எழுதிவைத்த ஐந்தே கால் லட்சம் பேரில் அவரும் ஒரு எண்ணிக்கை. 1974-ல் தலைமன்னாரில் கப்பல் ஏறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் கேம்பில் இருந்துவிட்டு நீலகிரிக்கு வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு 22 வயது. தேயிலையில் நிரந்தர வேலை கிடைக்கும்வரை காட்டு வேலை. காட்டு வேலை என்றால் சீகை நாற்று நடுவது. சீகைக்காய் இல்லை, வாட்டில் என்கிற மரம். அவலாஞ்சிக்கு மேலே, அப்பர் பவானி போகும் வழியில் புல்மலைகளில் குழி எடுத்து, நாற்று வைத்து, மண் அணைத்து. ஆறு சீசன். காலில் அட்டை, தலையில் மழைக்குப் போர்த்தும் கொங்காணி. "ஒரு நாளைக்கு முந்நூறு குழி போட்டவன்டா" என்று இன்றைக்கும் சொல்வார்.

நான் இப்போது செய்வது அதே சீகையை எடுக்கும் வேலை. புல்வெளி மீட்புப் பணியில் கூலியாட்களுக்கு மேஸ்திரி மாதிரி.

போன மாதம் வேலை நடந்த இடத்தைப் போட்டோ எடுத்து வந்து அப்பாவிடம் காட்டினேன். பெருமையாகத்தான் காட்டினேன். அவர் போனை வாங்கி, விரலால் பெரிதாக்கி, ஓரத்தில் தெரிந்த ஒரு பாறையையே பார்த்துக்கொண்டிருந்தார். "யானை முதுகுப் பாறை. இதுக்குக் கீழதான் எழுபத்தேழுல நாங்க போட்டது" என்றார். அப்புறம் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

ராத்திரி சாப்பிடும்போது கேட்டார்: "அப்ப நான் செஞ்சது பூராவும் தப்பா தம்பி? என்னத்துக்குப் பொழைச்சேன்னு இருக்கு."

இன்னொன்றும் சொன்னார், அதுதான் எனக்குத் தூக்கத்தைக் கெடுக்கிறது. நான் போனில் அதிகாரிகளிடம் பேசுவதைக் கேட்டிருக்கிறார். "வெளியிலேர்ந்து வந்தது, பரவிடுச்சு, எடுத்துடணும்கிற. இதே வார்த்தைய நான் அங்க கேட்டிருக்கேன்."

மரத்தைப் பற்றித்தான் பேசினேன் என்று சொன்னேன். அவருக்குத் தெரியாதா என்ன.

அதனால் இங்கே கேட்கிறேன். இந்த மலையில் மனுஷனுக்கு என்ன இடம்? நாம் நடுவதும் பிடுங்குவதும் இல்லாவிட்டால் இதற்கு ஏதாவது நஷ்டம் உண்டா? இல்லை என்றால், அப்பாவுக்கு என்ன பதில் சொல்வது?

சோலைமந்தி | ஜூன் 14, இரவு 10.25

முதலில் உங்கள் அப்பாவுக்கு என் வணக்கம். அவர் தப்புச் செய்யவில்லை. தப்பு அந்தத் திட்டத்தில் இருந்தது.

வெள்ளைக்காரர்கள் இந்தப் புல்மலையைப் பார்த்தபோது மரம் இல்லாத நிலம், அதனால் வீண் நிலம் என்று முடிவு கட்டினார்கள். 1819-ல் சலிவன் மேலே ஏறி வந்த சில பத்து வருடங்களிலேயே ஆஸ்திரேலியாவிலிருந்து கற்பூர மரமும் சீகையும் வந்துவிட்டன, முதலில் விறகுக்காக. நாடு விடுதலை ஆன பிறகும் பார்வை மாறவில்லை. தோல் பதனிடச் சீகைப் பட்டை வேண்டும், செயற்கைப் பட்டு நூலுக்கு மரக்கூழ் வேண்டும். சும்மா கிடக்கிற புல்லில் நட்டால் என்ன என்று நட்டார்கள்.

புல் சும்மா கிடக்கவில்லை. ஊட்டிப் பக்கத்துச் சதுப்பு மண்ணைத் தோண்டி எடுத்து, அதிலுள்ள கரிமத்தை ஆராய்ந்து 1993-ல் ஒரு கட்டுரை வந்தது. இருபதாயிரம் வருடக் கணக்கு அந்த மண்ணில் இருக்கிறது. காலநிலை வறண்டால் புல் பரவும், ஈரமானால் சோலைக்காடு பரவும், மாறி மாறி. அதாவது மனுஷன் காட்டை எரித்து உண்டாக்கிய புல்வெளி அல்ல இது. வரையாடும் நெட்டைக்காலிக் குருவியும் இந்தப் புல்லை நம்பித்தான் இருக்கின்றன. மழைத் தண்ணீரைப் பிடித்து மெதுவாக விடுவதும் புல்தான். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியதே, அந்தத் தண்ணீரைப் பிடிக்க எது இருக்கிறது என்பதுதான் கேள்வி.

மனுஷன் இல்லாவிட்டால் மலைக்கு நஷ்டமா? இல்லை. உண்மையைச் சொல்ல வேண்டுமென்றால் அதுதான் பதில்.

ரைடர்_கோவை | ஜூன் 14, இரவு 11.02

சரியாகச் சொன்னீர்கள். பூமிக்கு மனிதன் ஒரு வைரஸ். லாக்டவுனில் பார்த்தோமே, காட்டெருமை குன்னூர் பஸ் ஸ்டாண்டில் நடந்தது. நாம் ஒழிந்தால் இயற்கை தானாகச் சரியாகிவிடும்.

எருமாடு_வாசி | ஜூன் 15, காலை 6.10

ரைடர் தம்பி, காட்டெருமை குன்னூரில் லாக்டவுனுக்கு முன்னாலும் நடந்தது, இப்போதும் நடக்கிறது. உங்கள் பைக் சத்தத்தில் கவனித்திருக்க மாட்டீர்கள்.

வைரஸ் என்று எழுதுகிறவர்கள் யாரும் தன்னை அதில் சேர்த்து எழுதுவதில்லை. ஒழிய வேண்டியது எப்போதும் வேறு யாரோ. எங்கள் கூடலூர்ப் பக்கம் வந்து பாருங்கள். 1969-ல் ஜென்ம நிலத்தை (பரம்பரை நிலக்கிழார் உரிமையை) ஒழிக்கச் சட்டம் போட்டார்கள், அதில் 17-வது பிரிவு என்று ஒன்று. அந்தப் பிரிவில் மாட்டிய நிலத்தில் மூன்று தலைமுறை இருந்தும் பட்டா கிடையாது. ராத்திரி யானை வந்து பலாவை உலுக்கும். விடிந்தால் "யானை வழியில் நீங்கள்தான் வந்து உட்கார்ந்தீர்கள்" என்பார்கள். சீகூர் யானை வழித்தட வழக்கில் 2020-ல் தீர்ப்பு வந்தபோது நான் சந்தோஷப்பட்டேன், ஏனென்றால் அங்கே சிக்கியது பெரிய ரிசார்ட்டுகள். ஆனால் அதே வாயால் எங்களையும் சேர்த்து 'ஆக்கிரமிப்பு' என்று பேசுகிறார்களே, அது வலிக்கும்.

யானை மேல் எனக்குக் கோபம் இல்லை. வயிற்றுக்கு வருகிறது, நானும் வயிற்றுக்குத்தான் இருக்கிறேன். மஞ்சூர் தம்பி, உங்கள் அப்பா சொன்ன கடைசி வரி எனக்குப் புரிகிறது. அவரிடம் சொல்லுங்கள்.

தமிழ்_டீச்சர்_கோத்தகிரி | ஜூன் 15, காலை 8.45

முப்பத்து நான்கு வருடம் பிள்ளைகளுக்குத் திணை நடத்தியவள். 'மலையும் மலை சார்ந்த இடமும் குறிஞ்சி' என்று ஒப்பித்துவிட்டு இரண்டு மார்க் வாங்கிப் போய்விடுவார்கள். நானும் போகவிட்டுவிடுவேன். இந்த இழையைப் படித்தபோது ஒன்று தோன்றியது.

முதற்பொருள் என்பது நிலமும் பொழுதும். அடுத்தது கருப்பொருள். அந்தப் பட்டியலில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்: தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ். முருகனும் கிளியும் தேனும் தினைப்புனம் காக்கிற வேலையும் ஒரே வரிசையில் நிற்கின்றன. மனுஷனின் வேலையும் அவன் கொட்டுகிற பறையும் பறவைக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கின்றன. தெய்வம்கூட நிலத்துக்கு வெளியே இல்லை. இந்தப் பக்கம் இயற்கை, அந்தப் பக்கம் மனிதன் என்று கோடு போடவே இல்லை. இயற்கை என்ற சொல்லே அப்போது இயல்பு என்ற பொருளில்தான் வரும். களவில், அதாவது ஊருக்குத் தெரியாத காதலில், முதல் சந்திப்புக்கு 'இயற்கைப் புணர்ச்சி' என்று பெயர். அங்கே காட்டைப் பற்றிய பேச்சே இல்லை.

ஆகவே "மனுஷன் இல்லாவிட்டால் மலைக்கு நஷ்டமா" என்ற கேள்வியே எனக்குக் கொஞ்சம் வெளியூர்க் கேள்வியாகப் படுகிறது. கிளி இல்லாவிட்டால் மலைக்கு நஷ்டமா என்று யாராவது கேட்கிறோமா?

சோலைமந்தி | ஜூன் 15, காலை 9.20

அழகாக இருக்கிறது டீச்சர். ஆனால் அந்தப் பட்டியலில் சீகை கிடையாது.

தமிழ்_டீச்சர்_கோத்தகிரி | ஜூன் 15, காலை 9.31

தேயிலையும் கிடையாது, உருளைக்கிழங்கும் கிடையாது, நீங்கள் காலையில் சட்னிக்கு அரைத்த மிளகாயும் கிடையாது. ஒரு திணையின் கருப்பொருள் இன்னொரு திணையில் வந்து கலக்கலாம், அதற்குத் தடையில்லை, திணைமயக்கம் என்றே பெயர்.

சோலைமந்தி | ஜூன் 15, காலை 9.50

கலப்பது வேறு, மற்றதை எல்லாம் மூடிப்போடுவது வேறு டீச்சர். சீகைக்குக் கீழே புல் செத்துவிடுகிறது. விருந்தாளி வந்து வீட்டுக்காரரை வெளியே தள்ளினால் அதற்கு மயக்கம் என்று பெயரா?

நிர்வாகி | ஜூன் 15, காலை 10.05

இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். 'விருந்தாளி, வீட்டுக்காரர்' என்ற உவமையைப் பிடித்துக்கொண்டு மனிதர்களைப் பற்றி எழுத ஆரம்பித்துவிட்டார்கள். மரத்தைப் பற்றிப் பேசுங்கள்.

முத்தோரை_பழையவன் | ஜூன் 15, மாலை 4.15

நான் முத்தோரை ரேடியோ தொலைநோக்கியில் பராமரிப்பு வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். விஞ்ஞானி இல்லை, ஸ்பேனர் பிடித்தவன். அதனால் என் பேச்சும் அந்த அளவுக்குத்தான் இருக்கும்.

நஷ்டக் கணக்கு என்று வந்தால் நம் எண்ணிக்கை பரிதாபமானது. பூமிக்கு 454 கோடி வயது. நம் காலடியில் உள்ள நீலகிரிப் பாறை ஏறக்குறைய 250 கோடி வருடத்தது. மனுஷன் என்று சொல்லத்தக்க ஆள் வந்து 3 லட்சம் வருடம் ஆகிறது. (அந்தப் பாறைக்குச் சார்னோக்கைட் என்று பெயர். கல்கத்தாவில் ஜாப் சார்னோக் என்ற கம்பெனிக்காரரின் கல்லறையில் அதே வகைக் கல் இருந்ததால் அப்படி. 250 கோடி வருடப் பாறைக்கு ஒரு கல்லறையிலிருந்து பெயர் எடுத்திருக்கிறோம், நம் குசும்பு அப்படி.)

ஆனால் நான் சொல்ல வந்தது வேறு. எங்கள் தொலைநோக்கி 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். 24 சட்டங்கள், மேலே மெல்லிய எஃகுக் கம்பிகள் 1,100. 1970-லிருந்து ஓடுகிறது. வானத்தில் ஒரு பொருளைத் தொடர்ந்து பார்க்க வேண்டுமென்றால் அது சுழலும் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக இருக்க வேண்டும். அதற்கு மலையை வெட்டிச் சரிக்கவில்லை. வடக்கு தெற்காக, நம் அட்சரேகைக்குச் சமமாகப் பதினோரு டிகிரி சாய்ந்த ஒரு சரிவைத் தேடி அலைந்து, முத்தோரையில் கண்டுபிடித்தார்கள். மலை ஏற்கெனவே வானத்தைப் பார்த்துச் சாய்ந்திருந்தது, நாங்கள் கம்பியைக் கட்டினோம்.

பனிக்காலத்தில் விடியற்காலை அந்தக் கம்பிகளில் உறைபனி நூல் நூலாகப் பிடித்திருக்கும். வெயில் பட்டதும் கீழ்க்கோடியிலிருந்து மேல்கோடி வரை சொட்ட ஆரம்பிக்கும். உள்ளே எங்கேயோ பல கோடி வருடத்துக்கு முன்னால் கிளம்பிய அலை பதிவாகிக்கொண்டிருக்கும். வெளியே நான் பீடி பிடித்துக்கொண்டு தண்ணீர் சொட்டுவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். எனக்கு அந்த நேரத்தில் சின்ன ஆள் என்ற வருத்தம் வந்ததே இல்லை. ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

ரைடர்_கோவை | ஜூன் 15, மாலை 5.40

வைரஸ் என்று எழுதியதை வாபஸ் வாங்குகிறேன். குறிஞ்சி மறுபடி எப்போது பூக்கும் என்று யாராவது சொல்லுங்கள். யூட்யூபில் ஒவ்வொரு வருடமும் '12 வருடத்துக்கு ஒருமுறை' என்று போடுகிறார்கள்.

சோலைமந்தி | ஜூன் 15, மாலை 6.05

குறிஞ்சி ஒரு செடி இல்லை, ஒரு பெரிய குடும்பம். ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு கணக்கு. அதனால் ஏதாவது ஒன்று எங்காவது பூத்துக்கொண்டுதான் இருக்கும், யூட்யூப்காரர்களுக்குப் பஞ்சமில்லை. நீலக்குறிஞ்சி 2006, 2018, அடுத்து 2030. பூத்து, விதை போட்டு, செடி செத்துவிடும். எல்லாம் ஒரே சமயத்தில் பூப்பது விதை தின்னிகளுக்குத் தின்று தீர்க்க முடியாத அளவு விதையைக் கொட்டுவதற்காக என்று சொல்கிறார்கள். நம் செல்ஃபிக்காக இல்லை.

மந்து_தையல் | ஜூன் 15, இரவு 8.50

நேற்றிலிருந்து படிக்கிறேன். யாராவது "தோடர்களைப் பாருங்கள், இயற்கையோடு இயைந்து" என்று ஆரம்பிப்பார்கள் என்று காத்திருந்தேன். இன்னும் ஆரம்பிக்கவில்லை, நன்றி. ஆரம்பிக்கும் முன் நானே சொல்லிவிடுகிறேன். நான் தோடர் பெண். வெள்ளைத் துணியில் கறுப்பும் சிவப்பும் நூல் எண்ணி எண்ணிப் பூவேலை செய்கிறேன், அதற்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தது, எனக்குக் கண்ணாடி பவர் கூடியது. வீட்டுக் கடனுக்கு மாதத் தவணை கட்டுகிறேன். இயைந்துதான் இருக்கிறேன், வங்கியோடு.

இப்போது மஞ்சூர்க்காரருக்கு. உங்கள் அப்பா நட்டது எங்கள் எருமை மேய்ந்த புல்லில். இதை மறைக்கக் கூடாது. கோயில் கூரை மேய்வதற்குச் சதுப்பில் வளரும் ஒரு புல் வேண்டும், வேறு புல் ஆகாது. என் பாட்டி காலத்தில் மந்துக்கு (எங்கள் குடியிருப்புக்கு) பக்கத்திலேயே அறுத்தார்கள். இப்போது ஆண்கள் ஜீப் வைத்துக்கொண்டு போய்த் தேடி, தலைச்சுமையாகக் கொண்டுவருகிறார்கள். செத்துப்போன ஆன்மா முக்குருத்தி மலை வழியாகத்தான் மறு உலகம் போகிறது என்பது எங்கள் நம்பிக்கை. அந்தப் பக்கத்து மலைகளிலும் சீகை. பாட்டி அதைப் பார்த்துத் திட்டுவாள், "வழி தெரியாமப் போயிடும்" என்று.

ஆனால் இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. அதே பாட்டி குளிர் காய்ந்தது சீகை விறகில். எங்கள் அடுப்பிலும் சீகைதான், படுகர் வீட்டு அடுப்பிலும் சீகைதான், ஊட்டி டீக்கடை பாய்லரிலும் சீகைதான். காஸ் சிலிண்டர் வந்த பிறகும் டிசம்பர் ராத்திரிக்கு விறகு இல்லாமல் முடியாது. சீகை மட்டும் இல்லாவிட்டால் அந்த விறகு எங்கிருந்து வந்திருக்கும்? சோலையிலிருந்து. சோலையை வெட்டியிருப்போம். இதை நான் கணக்குப் போட்டுச் சொல்லவில்லை, அடுப்பு ஊதிச் சொல்கிறேன்.

பாட்டி இருந்திருந்தால் உங்கள் அப்பாவை நாலு வார்த்தை திட்டியிருப்பாள். திட்டிவிட்டு மோர் கொடுத்திருப்பாள். அவரை வீட்டில் உட்கார வைத்துப் பதில் சொல்லிக்கொண்டிருக்காதீர்கள். அந்த இடத்துக்குக் கூட்டிப் போங்கள்.

சோலைமந்தி | ஜூன் 15, இரவு 9.30

விறகு விஷயத்தை நான் எழுதியிருக்க வேண்டும். விட்டுவிட்டேன். இன்னொன்றும் விட்டுப்போனது. சில இடங்களில், முக்கியமாகச் சோலை ஒட்டிய பக்கங்களில், பழைய சீகைத் தோப்பின் நிழலில் சோலை மரக் கன்றுகள் தானாக முளைத்து வருகின்றன. பழனி மலையில் இதை நன்றாகவே பார்த்திருக்கிறார்கள். அங்கே சீகையை ஒட்ட வெட்டினால் கன்றுகளும் போகும், திறந்த இடத்தில் மறுபடி சீகையே வரும். ஆகவே எங்கே எடுப்பது, எங்கே விடுவது என்பதை இடத்துக்கு இடம் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். 2022-ல் அந்நியத் தாவரங்களுக்கென்று மாநிலக் கொள்கையே வந்துவிட்டது. அதைச் சரிவில் நின்று பார்த்துச் செய்ய ஆள் வேண்டும்.

நேற்று "நஷ்டம் இல்லை" என்று ஒரு வரியில் முடித்தேன். இருநூறு வருடத்துக்கு முன்னால் என்றால் அது சரி. இன்றைக்கு நாம் எல்லோரும் இறங்கிப் போய்விட்டால் சீகையும் உண்ணிச்செடியும் மட்டும் மிஞ்சும்.

எருமாடு_வாசி | ஜூன் 15, இரவு 9.44

ஆக, நாம் இருக்க வேண்டியிருக்கிறது, நாம் செய்ததைப் பார்த்துக்கொள்ள. எங்கள் பட்டாவுக்கும் இதையே எழுதிக் கொடுங்களேன்.

மஞ்சூர்_தம்பி | ஜூன் 22, இரவு 8.15

மழை ஒரு நாள் விட்டது. அப்பாவைக் கூட்டிப் போனேன். அனுமதி வாங்கி, ஜீப்பில் முன்சீட்டில் உட்கார வைத்து. வழி முழுக்கப் பேசவில்லை. எமரால்டு அணை தெரிந்ததும் "கனடாக்காரன் காசு குடுத்துக் கட்டுன கரண்டு திட்டம்" என்று மட்டும் சொன்னார்.

யானை முதுகுப் பாறையில் ஏறி நின்று சரிவைப் பார்த்தார். போன வருடம் எடுத்த இடம். புல் அங்கங்கே வந்திருக்கிறது, திட்டுத் திட்டாக, வழுக்கைத் தலையில் முடி வந்த மாதிரி. அழுவார் என்று நினைத்தேன். அவர் குனிந்து ஒரு கன்றைப் பிடித்தார். சீகைக் கன்று, விரல் நீளம். அதைப் பிடுங்கி வேரைப் பார்த்தார். பக்கத்தில் இன்னொன்று. அது வரவில்லை, கையோடு அறுந்தது.

"யார்றா வெட்டுனது இங்க?"

"நாங்கதாம்ப்பா."

"ரெண்டு சாதி இருக்கு, தெரியுமா? கறுப்புச் சீகை விதையில கெளம்பும். அதப் புடுங்கினாப் போதும். இலை வெளுப்பா இருக்கு பாரு, இது வேர்லேர்ந்து கெளம்பும். அடிமரத்த வெட்டினா வேர் பூரா கன்னு போடும். ரெண்டையும் ஒரே மாதிரி வெட்டியிருக்கீங்க."

எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்தான். ஆனால் கன்றிலேயே பார்த்துச் சொல்ல எங்கள் ஆட்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. அப்பா நாற்றங்காலில் இருந்தவர். விதை ஓடு கெட்டியாக இருக்கும், கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுத்துத்தான் விதைப்பார்களாம். "தீ வெச்சுப்புடாதீங்க. மண்ணுக்குள்ள கெடக்குற விதை சூடு பட்டா மொத்தமாக் கெளம்பிடும். எத்தன வருசம் ஆனாலும் சாகாது அது. மழை விட்ட மறுநாள் வந்து புடுங்கு, வேரோட வரும்." சொல்லிக்கொண்டே பிடுங்கிக்கொண்டிருந்தார். பையன்கள் நாலு பேர் அவர் பின்னாலேயே நடந்தார்கள்.

தப்பா சரியா என்று நான் எதுவும் பேசவில்லை, அவரும் கேட்கவில்லை. கீழே ஓடையில் கை கழுவும்போது முழங்காலுக்குக் கீழே ஏழு அட்டை. ஒவ்வொன்றாக மூக்குப்பொடி போட்டு எடுத்தார்.

"வியாழக்கிழமை வண்டி எத்தன மணிக்கு?" என்று கேட்டார்.

அவருக்கு ரப்பர் பூட்ஸ் வாங்க வேண்டும், எட்டாம் நம்பர். மஞ்சூரில் இல்லை. எங்கே கிடைக்கும்?

மந்து_தையல் | ஜூன் 22, இரவு 8.31

ஊட்டி மார்க்கெட்டில் கிடைக்கும். ஒன்பதாக வாங்குங்கள், உள்ளே கம்பளி சாக்ஸ் போட வேண்டுமே.